ஒரு டாலர் குறி

நள்ளிரவு தாண்டி மணி ஒன்று பத்து. சமையலறை மேசையில் மகளின் மடிக்கணினி. டெர்மினல் திரையில் நான் எதைத் தட்டினாலும் ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்.’ நான் கொடுத்த கட்டளை கிடைக்கவில்லையாம்.

கோப்புகளைப் பட்டியல் போடச் சொல்லும் ‘எல்எஸ்’ கட்டளையைக் கொடுத்தேன். கிடைக்கவில்லை. அன்று மாலைவரை ஒழுங்காக ஓடிய ‘பைத்தான்3’ஐக் கொடுத்தேன். கிடைக்கவில்லை. மகள் தன் ஆய்வுக்குப் பயன்படுத்தும் ‘ஆர்ஸ்கிரிப்ட்’டைக் கொடுத்தேன். அதுவும் கிடைக்கவில்லை. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

மறுநாள் பகல் 12 மணிக்குள் அவள் பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கணக்குகளைக் கடைசியாக ஒருமுறை ஓட்டி, வரைபடங்களை எடுத்து அறிக்கையில் சேர்க்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். என் பழைய மடிக்கணினியின் திரை அந்த வாரம்தான் செத்துப்போயிருந்தது. அதனால் படுக்கப்போகும் முன், “அப்பா, வேணும்னா என்னோடத எடுத்துக்குங்க. என் ஃபைல் எதையும் மட்டும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் எதையும் தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த 53 வயதில் எனக்கு டெர்மினல் எதற்கு என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் எனக்கு வேலை போனது. கப்பல் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் பத்திரப் பிரிவில் 30 ஆண்டுகள் இருந்தேன். 1994இல் சேர்ந்தபோது வயது 22. சரக்குப் பத்திரம், விலைப்பட்டியல், சுங்க அனுமதி என்று காகிதத்தோடு வளர்ந்த வேலை அது. சிங்கப்பூரில் 1989லேயே டிரேட்நெட் வந்து சுங்க அனுமதி விண்ணப்பங்கள் கணினி வழியாகப் போகத் தொடங்கிவிட்டன. ஆகவே கணினி எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் அறிந்த கணினி, எனக்காக யாரோ வரைந்து வைத்த கட்டங்களை நிரப்பும் கணினி. பிரிவையே மூடி வேலையை வேறு நாட்டு அலுவலகத்துக்கு மாற்றியபோது, அந்தக் கட்டங்களும் என்னோடு காணாமல் போயின.

41 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எண்ணி வைத்திருந்தேன். மூன்று இடங்களிலிருந்து பதில் வந்தது. மூன்றுமே இயந்திரம் அனுப்பிய பதில்கள். காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு காப்பிக்கடையில் போய் உட்காருவேன். வீட்டில் இருந்தால் மனைவி எதுவும் கேட்கமாட்டாள். அவள் எதுவும் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஆண்டு மே மாதத்தில்தான் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டிருந்தார்கள். குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். மகள் பட்டியலைப் பார்த்துத் தரவுப் பகுப்பாய்வு வகுப்பு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். 2025 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது.

முதல் வாரமே அந்தச் செய்தியைச் சந்தித்தேன். பயிற்றுநர் கொடுத்த கையேட்டில் ஒவ்வொரு கட்டளையின் முன்னும் ஒரு டாலர் குறி இருந்தது. அச்சில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் அப்படியே அடிப்பது எனக்கு 30 ஆண்டுப் பழக்கம். சரக்குப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி துறைமுகத்தில் நின்றுவிடுமே. எனவே டாலர் குறியையும் சேர்த்தே தட்டினேன். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று திரை சொன்னது. கிடைக்கவில்லை என்று அது காட்டியது அந்த டாலர் குறியைத்தான்.

பயிற்றுநர் வந்து பார்த்தார். என் மகளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். “அது ஷெல் உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். டாலர் குறியைத் தட்டக்கூடாது” என்றார். நான் சிவப்புப் பேனாவில் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: டாலர் குறியைத் தட்டக்கூடாது.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல். “என்னண்ணே இது, வெள்ளி சம்பாதிக்கத்தான் வந்தோம். முதல் பாடத்துலயே டாலரை விடச் சொல்றாங்க.”

அந்தத் தம்பிக்கு 40 வயது இருக்கும். இரவில் ஒரு கொண்டோமினியத்தில் பாதுகாவலர் வேலை. பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் வகுப்பு. ஆனாலும் வகுப்பில் ஒருநாள்கூட அவர் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை.

ஷெல் என்றால் என்ன என்று பயிற்றுநர் விளக்கினார். நாம் எழுதும் கட்டளையை வாங்கி, அதற்குரிய நிரலைத் தேடிப் பிடித்து ஓடவைக்கும் இடையாள். 1979இல் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. 1989இல் அதன் வாரிசாக ‘பாஷ்’ வந்தது. மேக் கணினிகளில் 2019 முதல் ‘இசட் ஷெல்’ என்பதே வழக்கமான ஷெல். பெயர் எதுவானாலும் இந்த இடையாள்களின் குணம் ஒன்றுதான். சொன்னதைச் செய்வார்கள். சொல்ல நினைத்ததைச் செய்யமாட்டார்கள்.

வகுப்பில் மேக் வைத்திருந்த இருவருக்கு ‘பைத்தான்’ கிடைக்கவில்லை என்று வந்தது. பழைய பைத்தான் 2ஐ ஆப்பிள் 2022இல் மேக் இயங்குதளத்திலிருந்து எடுத்துவிட்டது. ‘பைத்தான்3’ என்று எண்ணோடு சேர்த்துக் கூப்பிட்டதும் வந்துவிட்டது. இன்னொருவர் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு முழித்தார். வேறொருவர் வேர்ட் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினார். சாதாரண மேற்கோள் குறிகளை வேர்ட் அழகாக வளைத்து வைத்திருந்தது. அந்த அழகு ஷெல்லுக்குப் புரியவில்லை. இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஆனால் எது ஏன் என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஏப்ரல் மாதம் அந்த இரவு வந்தது. மறுவாரம் வகுப்பில் ஒப்படைக்க வேண்டிய பயிற்சிக்கு ஜுப்பிட்டர் என்ற கருவி தேவைப்பட்டது. மகளின் கணினியில் ‘பிப்’ கட்டளையைக் கொடுத்து அதை நிறுவினேன். திரையில் மளமளவென்று வரிகள் ஓடின. இடையே மஞ்சள் எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. நான் படிக்கவில்லை. வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்ற கடைசி வரியை மட்டும் படித்தேன்.

‘ஜுப்பிட்டர்’ என்று தட்டினேன். கிடைக்கவில்லை.

கண்முன்னே வந்து இறங்கிய ஆள், அடுத்த நிமிடம் இல்லை. மறுபடி நிறுவச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கிறது என்றது பிப். மறுபடி கூப்பிட்டேன். கிடைக்கவில்லை என்றது ஷெல். ஒரே கணினி, இரண்டு பதில்.

கையேட்டைப் புரட்டினேன். இப்படி நேர்ந்தால் ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. ‘பாத்’ என்ற பெயர், சமக்குறி, ஜுப்பிட்டர் இருக்கும் கோப்புறையின் முகவரி, முக்காற்புள்ளி, அதன்பின் டாலர் குறியோடு ஒட்டிய ‘பாத்’. அவ்வளவுதான் வரி. நான் கவனமாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். டாலர் குறி வந்தபோது விரல் நின்றது. சிவப்புப் பேனாவில் எழுதியது நினைவுக்கு வந்தது. டாலர் குறியை விட்டுவிட்டு ‘பாத்’ என்று மட்டும் அடித்தேன். சேமித்தேன். சன்னலை மூடிவிட்டுப் புதிய சன்னல் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

மகளை எழுப்பியிருக்கலாம். அறைக்கதவு ஐந்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து கதவுவரை போனேன். கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் திரையைப் படம் பிடித்துப் போட்டேன். அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள்? இரவுப் பாதுகாவலர் விழித்திருந்தார்.

“அண்ணே, தூங்கலையா?”

“மக லேப்டாப்பை அழிச்சுட்டேன் தம்பி. நாளைக்கு அவ தீசிஸ் குடுக்கணும்.”

“அழிஞ்சிருந்தா இப்படிச் சொல்லாது. பதறாதீங்க. எக்கோ, ஒரு இடம் விட்டு, ஹலோன்னு தட்டுங்க.”

தட்டினேன். ‘ஹலோ’ என்று கணினி திருப்பிச் சொன்னது. அரை மணி நேரத்துக்குப் பிறகு அது சொன்ன முதல் நல்ல வார்த்தை.

“பாத்தீங்களா? எக்கோ, சிடி எல்லாம் ஷெல்லுக்குள்ளயே இருக்கு. அதுங்களைத் தேட வேணாம். மத்ததெல்லாம் தனித்தனி ஃபைல். ஷெல் வெளிய போய்த் தேடணும். இப்ப எல்எஸ்ஸை முழு அட்ரஸோட கூப்பிடுங்க. சாய்கோடு, பின், மறுபடி சாய்கோடு, எல்எஸ்.”

அடித்தேன். திரை நிறையப் பெயர்கள் வந்து விழுந்தன. நடுவில் மகளின் ஆய்வுக் கோப்புறையும் இருந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

எதுவும் அழியவில்லை. எல்எஸ் அதன் இடத்தில் இருந்தது. பைத்தானும் ஆர்ஸ்கிரிப்ட்டும் அவற்றின் இடங்களில் இருந்தன. அவற்றின் வீட்டு முகவரிதான் ஷெல்லுக்கு மறந்துபோயிருந்தது. மறக்கடித்தவன் நான்.

“இப்ப எக்கோ, இடம் விட்டு, டாலர் போட்டு பாத். டாலரை விட்டுடாதீங்க.”

“டாலர் குறி தட்டக்கூடாதுன்னு சார் சொன்னாரே?”

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு நான்கு சிரிப்புப் பொம்மைகள் வந்தன.

“அண்ணே, வரியோட தொடக்கத்துல தனியா நிக்கிற டாலர் வேற. பேரோட ஒட்டி நிக்கிற டாலர் வேற. ஒட்டி நின்னா, அந்தப் பேருக்குள்ள என்ன இருக்குதோ அதை எடுத்து இங்க போடுன்னு அர்த்தம்.”

அவர் சொன்னபடி தட்டினேன். ஒரே வரி வந்தது. ஜுப்பிட்டரின் கோப்புறை, ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் ‘பாத்’ என்று வெறும் நான்கு ஆங்கில எழுத்து. பழைய பட்டியலை எடுத்துப் பின்னால் சேர் என்று சொல்வதற்குப் பதிலாக, ‘பாத்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது, அங்கே போய்த் தேடு என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு கோப்புறை உலகத்தில் இல்லை. பாவம், ஷெல் ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று வந்து சொல்லியிருக்கிறது.

“ரவுண்டு போற நேரம் அண்ணே. பத்து நிமிஷம். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க” என்று போய்விட்டார்.

அந்தப் பத்து நிமிடத்தில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பாத்’. இந்த வார்த்தையை வேறெங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. நினைவு வர வர எனக்கே வியப்பாக இருந்தது.

1994. தஞ்சோங் பகார் பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்தில் டாஸ் கணினிகள் இரண்டு. லோட்டஸ் 1-2-3 என்று தட்டினால் சில நாள் ஓடும், சில நாள் ‘பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்’ என்று முகத்தில் அடிக்கும். பக்கத்து மேசையிலிருந்த ஒரு மூத்த சீன ஊழியர்தான் சொல்லிக் கொடுத்தார். கணினி எழும்போது படிக்கும் ‘ஆட்டோஎக்செக்’ கோப்பைத் திறந்தார். அதில் பாத் என்று ஒரு வரி. டாஸ் இருக்கும் இடம் அதில் இருந்தது. ஓர் அரைப்புள்ளி வைத்து லோட்டஸ் இருக்கும் இடத்தையும் சேர்த்தார். “இவன் முட்டாள், தம்பி. எங்கே தேடணும்னு நீ எழுதிக் குடுத்தாத்தான் தேடுவான்” என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னது நினைவில் வந்தது. பிறகு அந்த மாடியில் யார் கணினியில் அந்தச் செய்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

விண்டோஸ் வந்தது, சுட்டி வந்தது, கட்டங்கள் வந்தன. அந்த வரியை நான் 30 ஆண்டுகள் மறந்தே போயிருந்தேன். தெரியாது, தெரியாது என்று மூன்று மாதமாக வகுப்பில் குறுகி உட்கார்ந்திருந்தவனுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. டாஸில் அரைப்புள்ளி, இங்கே முக்காற்புள்ளி. மற்றபடி ஒரே சங்கதி.

தம்பி வரும்வரை காத்திருக்கவில்லை. அமைப்புக் கோப்பைத் திருத்த ‘நானோ’ வேண்டும். அதுவும் கிடைக்கவில்லை என்றது. முகவரியோடு கூப்பிட வேண்டும், சரி. எல்எஸ் இருந்த ‘பின்’ கோப்புறையில் தேடச் சொன்னேன். இம்முறை வேறு செய்தி வந்தது: அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லை. இதை இரண்டு முறை படித்தேன். முகவரி தராமல் பெயரை மட்டும் சொன்னால், தெரிந்த இடங்களில் எல்லாம் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்கிறது. முகவரி தந்தால், அந்த இடத்தில் இல்லை என்று திட்டமாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றில்லை. அடுத்து ‘யூஎஸ்ஆர்’ என்பதற்குள் இருக்கும் ‘பின்’னில் கேட்டேன். நானோ திறந்தது.

கடைசி வரிக்குப் போனேன். ‘பாத்’துக்கு முன்னால் ஒரே ஒரு டாலர் குறியை வைத்தேன். சேமித்தேன். புதிய சன்னல் திறந்தேன்.

எல்எஸ் வந்தது. பைத்தான்3 வந்தது. ஆர்ஸ்கிரிப்ட் வந்தது. கடைசியாக, யாருக்காக இத்தனை பாடோ, அந்த ஜுப்பிட்டரும் வந்தது. மணி இரண்டு ஐந்து.

“அண்ணே, வந்துட்டேன். இருக்கீங்களா?”

“சரியாயிடுச்சு தம்பி.”

“நீங்களேவா?”

“நானேதான்.” அந்த ஒரு சொல்லைத் தட்டும்போது வந்த மகிழ்ச்சி, பதவி உயர்வுக் கடிதம் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

ஐந்து மணிக்கு மகள் எழுந்து வந்தபோது தேநீர் போட்டு வைத்திருந்தேன். சரியாகிவிட்டதே, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒருகணம் நினைத்தேன். ஆனால் அவள் கோப்பில் என் வரி ஒன்று இருக்கிறது. பிற்பாடு ஏதாவது நேர்ந்தால் அவள் காரணம் தெரியாமல் திண்டாடுவாள். எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. பேசாமல் கணினியைத் திறந்து, தன் நிரலை ஓடவிட்டு, முதல் வரைபடம் வரும்வரை காத்திருந்தாள். வந்தது. பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து என் வரியைப் படித்தாள்.

“ஏன் என்னை எழுப்பல?”

“தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்னுதான்.”

“இல்லப்பா. கேக்க வெக்கம்.” தேநீரை எடுத்துக்கொண்டாள். “வேலை தேடறதுலயும் இப்படித்தான் பண்றீங்க. முப்பது வருஷம் துறைமுகத்துல உங்களுக்குத் தெரியாத ஆளே இல்ல. ஒருத்தருக்காவது போன் பண்ணீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் 11.20க்கு அறிக்கையை அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாண்டில் இதே தவற்றைச் செய்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் அழுததாகவும், மூத்த மாணவி ஒருத்தி வந்து சரிசெய்து கொடுத்ததாகவும் அப்போதுதான் சொன்னாள். எனக்குத் தெரியவே தெரியாது.

அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. என் வேலை விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் ‘கப்பல் பத்திர எழுத்தர்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பெயரில் வேலைகளே குறைந்துபோன காலத்தில், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் தேடி வருவார்கள்? 30 ஆண்டுகளாகச் சரக்கு விவரங்களில் முரண்பாடு கண்டுபிடித்தவன் நான். எடை ஒன்று, பெட்டி எண்ணிக்கை இன்னொன்று, சுங்கக் குறியீடு வேறொன்று என்று வந்தால் என் கண் தானாக நிற்கும். அதுவும் தரவு வேலைதான். நான் அப்படி எழுதவில்லை. நான் இருந்தேன். தேடுபவர்களின் பட்டியலில் என் முகவரிதான் இல்லை.

தலைப்பை மாற்றி எழுதினேன். பழைய தொடர்புகளில் நான்கு பேருக்குக் கூப்பிட்டுப் பேசினேன். முதல் அழைப்புக்கு முன் காப்பிக்கடையில் இரண்டு காப்பி குடித்தேன். அந்த நால்வரில் ஒருவர் சொல்லி, ஆகஸ்டு முதல் ஒரு கிடங்கு நிறுவனத்தில் சரக்குத் தரவைச் சரிபார்க்கும் வேலை. ஓராண்டு ஒப்பந்தம். பழைய சம்பளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். பரவாயில்லை. காலையில் சட்டை மாட்டினால் போக ஓர் இடம் இருக்கிறது.

என்னைப்போல் நடுவயதில் இந்தத் திரைக்கு முன் உட்காருபவர்களுக்காக, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது நான் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். அந்தச் செய்தி வந்தால் முதலில் அதை முழுதாகப் படியுங்கள். எந்தச் சொல் கிடைக்கவில்லை என்று அதிலேயே இருக்கும். பல நேரம் எழுத்துப்பிழை, பெரிய எழுத்து, விட்டுப்போன இடைவெளி, வெட்டி ஒட்டியதில் வந்த வளைந்த மேற்கோள், கையேட்டின் தொடக்க டாலர் குறி ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அது சரியென்றால், அந்த நிரலை நிறுவியிருக்கிறோமா என்று பாருங்கள். நிறுவியிருந்தால் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து முழு முகவரியோடு கூப்பிடுங்கள். முகவரியோடு வந்தால், குறை பட்டியலில்தான். நீங்களே எழுதிய நிரல் நீங்கள் நிற்கும் கோப்புறையிலேயே இருந்தாலும் யூனிக்ஸ் வகை ஷெல் தானாக அங்கே தேடாது. யாராவது எல்எஸ் என்ற பெயரில் ஒரு கெட்ட நிரலை அங்கே போட்டு வைத்து ஏமாற்றக்கூடாதே என்ற பாதுகாப்பு அது. புள்ளியும் சாய்கோடும் முன்னால் வைத்து, இங்கேதான் என்று சொல்ல வேண்டும்.

பட்டியலைத் திருத்தும்போது பழையதைக் காப்பாற்றி அதனோடு சேருங்கள். பழைய சன்னலை மூடாமல், இன்னொரு சன்னல் திறந்து சோதியுங்கள். புதியது கெட்டாலும் பழைய சன்னலிடம் பழைய பட்டியல் இருக்கும். அன்று நான் அதை மூடாமல் இருந்திருந்தால் கதையே நடந்திருக்காது. விண்டோஸிலும் இதே கதைதான், செய்திதான் வேறு மாதிரி வரும். அங்கேயும் பாத் பட்டியல் உண்டு. நிறுவிய பிறகு புதிய சன்னல் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

வகுப்பு முடிந்தும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அடுத்த அணியினரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. முன்பு தாதியாக இருந்த ஓர் அம்மா. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “எனக்கு இதெல்லாம் வராது போலிருக்கு.”

பாதுகாவலர் தம்பி ரவுண்டில் இருந்திருப்பார். பதில் வரவில்லை. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, சமையலறை விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

“பதறாதீங்கம்மா,” என்று தட்டினேன். “எக்கோ, ஒரு இடம் விட்டு, ஹலோன்னு போட்டுப் பாருங்க.”